எங்க வீட்டுச் சுவரும் என் எம்.ஈ. படிப்பும்

கோட்டூர்ப் பக்கத்திலிருந்து:

சிவில் முடித்துவிட்டு எம்.ஈ. போகலாமா என்று கேட்டிருந்த தம்பிக்காக எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

எங்கள் ஊர் மன்னார்குடிக்குத் தெற்கே, கோட்டூர்ப் பக்கம். மேலே படிக்கிறேன் என்றதும் சித்தப்பா, "சைட்டுக்குப் போனா கையில நாலு காசு பாக்கலாம், இன்னும் ரெண்டு வருஷம் எதுக்கும்மா?" என்றார். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. மண்ணும் அடித்தளமும் படிக்க வேண்டும் என்பது மட்டும் தெரியும். அதற்குக் காரணம் எங்கள் வீட்டு வடக்குச் சுவர்.

அப்பா 1998-ல் கட்டிய வீடு. ஜன்னல் மூலையிலிருந்து அஸ்திவாரம் வரை சாய்வாக ஒரு வெடிப்பு. சித்திரை, வைகாசியில் அதில் ஒரு ரூபாய் நாணயத்தைச் செருகலாம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் தலைமுடி அளவுக்கு ஒட்டிக்கொள்ளும். வருஷா வருஷம் அப்பா சிமெண்ட் குழைத்துப் பூசுவார், "சிமெண்டை அடிச்சிட்டான்" என்று கட்டின கொத்தனாரைத் திட்டிக்கொண்டே. கோடை வந்ததும் திரும்ப விட்டுக்கும்.

முதல் செமஸ்டரில் லேப் பொறுப்பாசிரியர், அவரவர் ஊர் மண்ணைக் கொண்டுவரச் சொன்னார். தீபாவளி லீவில் கொல்லையில் ஒரு மீட்டர் தோண்டி, யூரியா சாக்கில் கட்டி பஸ்ஸில் கொண்டுபோனேன். காயவைத்து இடித்து, 425 மைக்ரான் சல்லடையில் சலித்து, பத்து பத்து கிராமாக இரண்டு கண்ணாடி அளவுக் குழாயில் போட்டேன். ஒன்றில் மண்ணெண்ணெய், இன்னொன்றில் வாலைவடிநீர். மண்ணெண்ணெயில் களிமண் உப்பாது. 24 மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். மறுநாள் போய்ப் பார்த்தால் மண்ணெண்ணெயில் 11 மில்லி. தண்ணீரில் 20. ஏறக்குறைய இரட்டிப்பு. கணக்குப் போட்டால் உப்பல் 82 சதவீதம். 50-ஐத் தாண்டினாலே அடித்தளத்தில் கவனம் வேண்டிய மண்.

அந்தக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். அத்தனை வருஷமும் அப்பா வீணாக ஒரு மனுஷரைத் திட்டியிருக்கிறார்.

சம்பா அறுத்த பிறகு கோடையில் நம் வயல் பாளம் பாளமாக வெடித்து, கை உள்ளே போகிற அளவுக்குப் பிளந்து கிடக்குமே, அதே மண்தான் வீட்டுக்கு அடியிலும் இருக்கிறது. நடுவீட்டுக்குக் கீழே ஈரம் அதிகம் மாறாது. ஓரத்தில்தான் மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும். எங்கள் வடக்குப் பக்கம் வேப்பமரம் வேறு, கோடையில் அது ஈரத்தை உறிஞ்சும். சுவர் எப்படித் தாங்கும்?

பொங்கலுக்கு ஊர் வந்ததும் அந்தக் கொத்தனார் தாத்தாவைத் தேடிப் போனேன். வயதாகி வேலையை விட்டிருந்தார். சொன்னதும் அவருக்கு ஆச்சரியமே இல்லை. "களி மண்ணு பாப்பா, மூச்சு விடும். இன்னும் ரெண்டடி ஆழம் போகணும்னேன், அப்பா கையில அப்ப காசில்ல. ஆத்து மணலாச்சும் ஒரு அடி போட்டு எழுப்புவோம்னு எழுப்பினேன்." மணலில் ஒரு சிக்கல் உண்டு. அதற்குள் தண்ணீர் போய்த் தங்கினால் கீழே இருக்கிற களிக்கு அதுவே ஊட்டிவிடும். அதைச் சொன்னேன். கோபப்படவில்லை, "அப்ப என்னதான் வழி?" என்றார். ஈரம் மாறாத ஆழத்துக்கு, சுமார் மூன்றரை மீட்டர் துளையிட்டு, அடிப்பகுதியை மட்டும் அகலமாக்கி கான்கிரீட் போடும் அண்டர் ரீம்டு பைலைத் தரையில் வரைந்து காட்டினேன். ரூர்க்கியில் இருக்கிற மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இம்மாதிரி மண்ணுக்கென்றே வளர்த்தெடுத்த முறை. தாத்தா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சொம்பைப் புதைச்ச மாதிரி" என்றார். இதைவிட நன்றாக யாரும் எனக்கு விளக்கியதில்லை.

அதனால் தம்பி, படிக்கலாம். உன் மனசில் ஒரு கேள்வி இருந்தால் கட்டாயம் படிக்கலாம். வேலை கிடைக்காததால் இரண்டு வருஷம் தள்ளிப்போடலாம் என்று மட்டும் போகாதே.

நீடாமங்கலத்திலிருந்து:

அக்கா, நான் இரண்டு வருஷம் சைட்டில் இருந்துவிட்டு கேட் என்கிற மேற்படிப்பு நுழைவுத் தேர்வு எழுதி வாரங்கல் என்.ஐ.டி.யில் நீர்வளம் படித்தேன். கேட் மதிப்பெண் மூன்று வருஷம் செல்லும், அதனால் வேலையில் இருந்துகொண்டே எழுதலாம். நான் படித்தபோது கேட் மூலம் சேர்ந்தவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. அதில் மிச்சம் பிடித்து அனுப்பித்தான் அம்மாவின் அடகு நகையை மீட்டோம். தம்பி, வீட்டில் பணத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் இதைச் சொல்.

என்னைப் படிக்க வைத்தது திருச்சிப் பக்கம் இருக்கிற முக்கொம்பு அணை. 2018 ஆகஸ்ட் 22 இரவு கொள்ளிடத்தில் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போன பிறகு, நானும் கூட்டத்தோடு போய்ப் பார்த்தேன். 1836-ல் ஆர்தர் காட்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கட்டியது. தண்ணீர் போகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கவில்லை. அதுவரை படித்த எதைக் கொண்டும் இது எனக்குப் புரியவில்லை என்று தோன்றியது.

அணைக்கு அடியில் மணல் வழியாகத் தண்ணீர் எப்படிக் கசியும், அதன் விசை எந்த அளவைத் தாண்டினால் மணலையும் சேர்த்துக் கிளப்பும் என்று கோஸ்லா கோட்பாட்டில் பக்கம் பக்கமாகப் போட்டோம். பிறகு ப்ராஜெக்டுக்காக வெண்ணாற்றுக் கரையில் அளவெடுத்தபோது ஆற்றையும் மதகையும் பார்த்துக்கொள்ளும் ஊழியர், ஒரு வயதான லஸ்கர் கூட வந்தார். வெள்ளக் காலத்தில் கரையில் ஊற்று கண்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "தெளிஞ்சு வந்தா பயமில்ல தம்பி, கலங்கி வந்தா மூட்டையத் தூக்கிட்டு ஓடணும்" என்றார். கலங்கல் என்றால் உள்ளே மண் அரிக்கிறது. ஒரு செமஸ்டர் பாடம் அந்த ஒரு வரியில் இருந்தது. ஆழம் தெரியாத மணலில் அடித்தளம் போடுவதைக் கல்லணை கட்டியவர்களிடம்தான் கற்றோம் என்று காட்டனே எழுதியிருக்கிறார். லஸ்கர் பேசும்போது அதுதான் ஞாபகம் வந்தது.

அக்கா, சுவர் என்ன ஆச்சு?

வலங்கைமானிலிருந்து:

இருவருக்கும் நல்ல இடம் அமைந்தது. எனக்கு அமையவில்லை. நான் சேர்ந்த கல்லூரியில், பாரம் ஏற்றினால் மண் எவ்வளவு அமுங்கும் என்று அளக்கிற கன்சாலிடேஷன் கருவி மேல் போர்த்திய துணியை இரண்டு வருஷமும் யாரும் எடுக்கவில்லை. ப்ராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். கூடப் படித்தவர்கள் வாங்கினார்கள், நான் மாட்டேன் என்றேன். திருவாரூரில் ஒரு சைட்டில் கெஞ்சி, கான்கிரீட் கட்டி வார்த்து நானே உடைத்து அளந்தேன். பட்டம் வாங்கிவிட்டேன், ஆனால் ஆறவில்லை. தம்பி, பணம் கட்டுவதற்கு முன்னால் லேபைத் திறந்து காட்டச் சொல். படிக்கிற அண்ணன் ஒருத்தரிடம் தனியாகப் பேசு.

கோட்டூர்ப் பக்கத்திலிருந்து:

சுவர் கேட்ட தம்பிக்கு: கட்டி முடித்த வீட்டுக்கு அடியில் பைல் போடுவது லேசில்லையே. வீட்டைச் சுற்றி ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு வெளிப்பக்கம் சாய்வாக கான்கிரீட் போட்டோம், கூரைத் தண்ணீரைக் குழாய் வைத்துத் தள்ளி விட்டோம். இரண்டு கோடை ஆகிறது. வெடிப்பு இருக்கிறது, நாணயம் நுழைவதில்லை.

கான்கிரீட் போட்ட அன்றைக்குக் கொத்தனார் தாத்தாவை அப்பாவே சைக்கிளில் உட்காரவைத்துக் கூட்டி வந்தார். திண்ணையில் நாற்காலி போட்டு, சாய்வு சரியாக வருகிறதா என்று ரசமட்டத்தை அவர் கையில் கொடுத்தார்.