40-ல் போகும்போது கார் வெட்டுகிறது: த்ராட்டில் சென்சார்தானா?

கேள்வி:
அண்ணன்மாருக்கு வணக்கம். 2008 பெட்ரோல் கார், கேபிள் த்ராட்டில் (இன்ஜினுக்குக் காற்று விடும் மூடியை ஆக்ஸிலரேட்டர் கேபிளே திறக்கும் வகை). ஏற்காடு ஏறும்போது நன்றாக இழுக்கிறது. சேலம் ரோட்டில் 40-50-ல் சீராகப் போனால்தான் வெட்டுகிறது. ஸ்கேனரில் பி0121 என்ற பழுதுக் குறியீடு வருகிறது; த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் சென்சாரைக் காட்டுகிறது. சென்சாரை மாற்றும் முன் எப்படி உறுதி செய்வது?

பதில்:
தம்பி, மலையில நல்லா இருக்குன்னீங்களே, அதுதான் துப்பு. சென்சாருக்குள்ள கார்பன் தடத்து மேல ஒரு சின்னக் கை தேய்ச்சுக்கிட்டே ஓடும். தினமும் உங்க கால் நிக்கிற இடம்தான் முதல்ல தேயும். ஏத்தத்துல கால் அதைத் தாண்டிடும்.

இக்னிஷன் ஆன், இன்ஜின் ஓடக்கூடாது. மூணு வயர்ல ஒண்ணுல 5 வோல்ட், ஒண்ணு கிரவுண்ட். சிக்னல் வயர்ல, த்ராட்டில் மூடியிருந்தா சுமார் 0.5, முழுசா திறந்தா 4.5 பக்கம் வரும். கனெக்டரோட பின்பக்கமா அளங்க; வயர் தோலைக் குத்தினா தண்ணி இறங்கி பச்சை பிடிச்சிடும். அப்புறம் த்ராட்டிலை மெதுவா, ரொம்ப மெதுவா திறங்க; வோல்ட் சீரா ஏறணும், நடுவுல சறுக்கக் கூடாது. டிஜிட்டல் மீட்டர் சின்னச் சறுக்கலைத் தவறவிடும். பழைய முள் மீட்டர் இருந்தா அதையே எடுங்க.

இன்னொரு பதில்:
கிரவுண்டை விட்டுடாதீங்க. நான் சென்சார் மாத்தியும் தீரலை, கனெக்டருக்குள்ள இருக்கிற உலோகப் பின்தான் (pin) அரிச்சிருந்தது.

கேட்டவர்:
பார்த்துவிட்டேன் அண்ணா. 0.9 வோல்ட்டில் முள் சட்டென்று விழுந்து எழுகிறது. மூன்று முறையும் அதே இடம். 5 வோல்ட், கிரவுண்ட், பின் எல்லாம் சரி.

பதில்:
அப்போ சென்சாரேதான். புதுசுல ஸ்க்ரூ ஓட்டை நீளமா இருந்தா, மூடிய நிலை வோல்ட்டை சர்வீஸ் புத்தக அளவுக்கு வச்சுட்டு முடுக்குங்க.