கொள்ளுத்தாத்தாவுக்கு இரண்டு வெள்ளி அபராதம்

எங்கள் வீட்டில் கொள்ளுத்தாத்தா வீராசாமியைப் பற்றி இருந்த கதை இவ்வளவுதான்: ரஜூலா கப்பலில் மலாயா போனார், அங்கே பெரிய வியாபாரி ஆனார், திரும்பி வரவில்லை. ஆரம்பமே இடித்தது. ரஜூலா ஓடத் தொடங்கியதே 1926-இல்தான், அவர் அங்கிருந்து அனுப்பியதாகப் பெரியத்தை பெட்டியில் வைத்திருந்த மணியார்டர் துண்டிலோ 1924 முத்திரை. மலாயா போனவர்கள் எல்லோரையும் வீட்டார் பிற்பாடு ரஜூலாவில் ஏற்றிவிட்டார்கள் போல.

முதலில் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர்களின் பெயர்ப்பட்டியலை எடுத்து நீட்டுவார்கள் என்று நினைத்தேன், எவ்வளவு அப்பாவி பாருங்கள். அங்கே அரசாணை எண்ணும் வருஷமும் தெரிந்தால்தான் கட்டு கையில் வரும். மூன்று நாள் புரட்டியதில் கங்காணிகள் ஆள் சேர்த்த விதம் பற்றி நிறையத் தெரிந்துகொண்டேன், தாத்தாவைப் பற்றி ஒன்றும் இல்லை.

அப்புறம் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் ஸ்கேன் செய்து வைத்திருக்கும் பழைய பத்திரிகைகள். தமிழ் முரசு 1935-இல்தான் வந்தது, எனவே அவர் காலத்துக்கு ஆங்கிலப் பத்திரிகைகளே கதி. அதில் வீராசாமியைத் தேடுவது பெரிய கூத்து. வீ-க்கு ஒரு ஐ அல்லது இரண்டு ஈ, சாமிக்கு நடுவே டபிள்யூ உண்டு அல்லது இல்லை, கடைசியில் ஒய் அல்லது ஐ, ஆக எட்டு விதம். போதாக்குறைக்கு மை பரவிய இடத்தில் கணினி எம் என்ற எழுத்தை ஆர், என் என்று இரண்டாகப் படித்து வைத்திருக்கும்.

அதனால் பெயரை விட்டுவிட்டு ஊரைப் பிடித்தேன். 1931-இல் அவர் போட்ட கடித உறையில் சுங்கை பட்டாணி தபால் முத்திரை, பின்புறம் ஒரு எஸ்டேட் பெயர். சுங்கை என்று தேடினால் சரியாக வராது, அப்போது சுங்கேய் என்றுதான் அச்சடித்தார்கள். எஸ்டேட் பெயரையும் மாட்டு வண்டி, கோர்ட், அபராதம் என்று ஒவ்வொரு சொல்லாகவும் சேர்த்துத் தேடினேன். கூலிக்குப் போனவருக்கு மரண அறிவிப்பு யார் கொடுப்பார்கள்? விபத்து அல்லது போலீஸ் கோர்ட், பேப்பரில் அவர்கள் பெயர் வந்தால் பெரும்பாலும் இந்த இரண்டில்தான்.

கிடைத்தது நாலு வரிச் செய்தி. அதே எஸ்டேட்டைச் சேர்ந்த வீராசாமி, விளக்கில்லாமல் இரவில் மாட்டு வண்டி ஓட்டியதற்கு இரண்டு வெள்ளி (அங்கே டாலரை அப்படித்தான் சொல்வார்கள்) அபராதம். பெயரில் டபிள்யூ இருந்தது.

பெரியத்தைக்குப் போன் போட்டு, வியாபாரி எல்லாம் இல்லை, வண்டி ஓட்டியிருக்கிறார் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டார்: "மாடு யாருதாம், சொந்த மாடா?"