கையொப்பம் கேட்டு நடத்தும் பள்ளிப் பிரார்த்தனை உண்மையிலேயே விருப்பத்தின்பாற்பட்டதா?

வைகைக்கரை (கேள்வி):
டெக்சாஸ் மாநில அரசுப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்பு படிக்கும் மகளின் தந்தை என்ற முறையில் கேட்கிறேன். 2025 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த எஸ்.பி. 11 என்னும் மாநிலச் சட்டத்தின்படி, நாள்தோறும் பிரார்த்தனைக்கும் பைபிள் அல்லது பிற சமய நூல் வாசிப்புக்கும் நேரம் ஒதுக்குவதா வேண்டாமா என்று ஒவ்வொரு பள்ளி மாவட்டத்தின் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பின்) நிர்வாகக் குழுவும் ஆறு மாதத்திற்குள் வாக்கெடுத்துத் தீர்மானிக்க வேண்டும். பெற்றோர் கையொப்பமிட்டுச் சம்மதம் தெரிவித்த மாணவர்கள் மட்டுமே கலந்துகொள்ளலாம். மற்றவர் காதில் விழும்படியோ ஒலிபெருக்கியிலோ நடத்தக் கூடாது. பாட நேரத்தையும் எடுத்துக்கொள்ளக் கூடாது. தாளில் படிக்கும்போது குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் உடன் படிப்பவர்களில் பெரும்பாலோர் சேர்ந்து போகும் இடத்துக்கு நான்கைந்து பிள்ளைகள் மட்டும் போகாமல் இருந்தால், அதை அந்தப் பிள்ளைகளின் சுதந்திரமான முடிவு என்று எந்த அளவுக்குச் சொல்ல முடியும்? நீதிமன்றங்கள் இதை எவ்வாறு அணுகியுள்ளன?

ஏட்டுச்சுவடி:
இந்தக் கேள்வியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1962ஆம் ஆண்டிலேயே, ‘எங்கல் எதிர் விட்டாலே’ வழக்கில் எதிர்கொண்டது. நியூயார்க் மாநிலக் கல்வி ஆளுநர் குழு இயற்றிய பிரார்த்தனை ஆங்கிலத்தில் 22 சொற்களே கொண்டது. எந்தச் சமயத்தின் பெயரும் அதில் இல்லை. விரும்பாத மாணவர் வாய் திறக்காமல் இருக்கலாம், வகுப்பை விட்டு வெளியேறவும் செய்யலாம். அப்படியிருந்தும் ஆறுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அது செல்லாது என்று தீர்ப்பாயிற்று. நேரடிக் கட்டாயம் இருந்ததாக மெய்ப்பிக்கத் தேவையில்லை என்றும், ஒரு சமய நம்பிக்கைக்குப் பின்னால் அரசின் அதிகாரமும் மதிப்பும் வந்து நின்றாலே சிறுபான்மையினர் மீது மறைமுக அழுத்தம் உண்டாகிவிடும் என்றும் நீதிபதி ஹியூகோ பிளாக் எழுதினார்.

ஆனால் உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது அடுத்த ஆண்டில் வந்த ‘ஷெம்ப்’ வழக்கு. பென்சில்வேனியா மாநிலத்தில் அப்போதிருந்த சட்டப்படி, பள்ளிகளில் நாள்தோறும் பைபிளின் பத்து வசனங்களையேனும் வாசித்தாக வேண்டும்; பெற்றோர் எழுதிக் கொடுத்தால் பிள்ளைக்கு விலக்கு உண்டு. எட்வர்ட் ஷெம்ப் அந்தச் சட்டத்தை எதிர்த்து நீதிமன்றம் சென்றவர். ஆயினும் விலக்குக் கடிதத்தை அவர் எழுதவில்லை. வசனம் வாசிக்கும் நேரத்தில் தம் பிள்ளைகள் நடைக்கூடத்தில் நின்றால், ஏதோ தவறு செய்து தண்டனை பெற்றவர்களாகவே மற்றவர் எண்ணுவர், ஆசிரியரும் சக மாணவரும் அவர்களை ஒரு மாதிரியானவர்கள் என்று ஒதுக்குவர் என அவர் சாட்சியம் அளித்தார். விலக்கு பெறும் உரிமை இருந்தும் அதைப் பயன்படுத்த ஒரு தந்தை அஞ்சினார் என்பதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

கோதையூர்:
நான் ஜெபத்தில் ஆழ்ந்த நம்பிக்கை உள்ளவன். எனவே மறுபக்கத்தையும் முன்வைக்கிறேன். மேற்சொன்ன இரு வழக்குகளிலும் எல்லா மாணவரும் இயல்பாகவே உள்ளடங்கினர். விலக வேண்டியவரே முயற்சி எடுக்க வேண்டியிருந்தது. எஸ்.பி. 11 அதைத் தலைகீழாக்கியுள்ளது: சேர விரும்புகிறவரே எழுதிக் கொடுக்க வேண்டும், விரும்பாதவர் எதுவும் செய்ய வேண்டியதில்லை. சட்டத்தின் கண்ணில் இது சிறிய வேறுபாடு அன்று. மேலும் 2022ஆம் ஆண்டு ‘கென்னடி எதிர் பிரெமர்ட்டன்’ வழக்கில், ஆட்டம் முடிந்தபின் மைதானத்தின் நடுவில் மண்டியிட்டு ஜெபித்த கால்பந்துப் பயிற்சியாளருக்கு ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் வெற்றி கிடைத்தது. பிறருடைய சமய வெளிப்பாட்டைக் காண நேர்வதையே கட்டாயம் என்று கருத முடியாது என்பதே இன்றைய நீதிமன்றத்தின் போக்கு. வேறுபட்டு நிற்பதால் வரும் சங்கடம் அனைத்தையும் கட்டாயம் என்று சொல்லத் தொடங்கினால், பொது இடத்தில் எந்த நம்பிக்கைக்கும் இடமிருக்காது.

கரும்பலகை:
அரசுப் பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றும் எனக்கு, கோதையூர் அவர்கள் சுட்டிய வேறுபாடு நியாயமாகவே படுகிறது. எனினும் அதே கென்னடி வழக்கில் நீதிபதி சோட்டோமேயரின் மாறுபட்ட தீர்ப்பு பதிவு செய்துள்ள ஒரு செய்தியைத் தவிர்க்க முடியாது. தம் மகன் நாத்திகன் என்றாலும், கலந்துகொள்ளாவிட்டால் ஆட்டத்தில் இறங்கும் வாய்ப்பு குறைந்துவிடும் என்று எண்ணிப் பயிற்சியாளருடன் ஜெபத்தில் நின்றதாக ஒரு மாணவனின் தந்தை பள்ளி மாவட்டத்திடம் தெரிவித்திருந்தார். வா என்று யாரும் அந்த மாணவனை அழைத்திருக்க வேண்டியதில்லை. யாரைக் களத்தில் இறக்குவது என்று முடிவு செய்பவர் அங்கே மண்டியிட்டிருந்ததே போதுமானதாக இருந்தது. மாணவர்களின் மதிப்பெண்ணும் பரிந்துரைக் கடிதமும் எங்கள் கையில் இருக்கின்றன என்பதை ஆசிரியர்களாகிய நாங்கள் எளிதில் மறந்துவிடுகிறோம், மாணவர்கள் மறப்பதில்லை.

எஸ்.பி. 11 படிவத்தில் இன்னொன்றும் உண்டு: இந்த ஏற்பாடு தொடர்பாக வழக்குத் தொடுக்கும் உரிமையைக் கைவிடுவதாகவும் பெற்றோர் கையொப்பமிட வேண்டும். விருப்பத்தைக் கேட்கும் படிவத்துக்கு அந்த வாசகம் எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மாநிலத் தலைமை வழக்கறிஞர் கென் பாக்ஸ்டனோ, இயேசு கற்பித்த ஜெபத்தையே மாணவர்கள் சொல்லலாம் என்று வெளிப்படையாக ஊக்குவித்தார். எல்லாச் சமயத்தவருக்கும் பொதுவானது என்று சட்டம் சொல்ல, எது எதிர்பார்க்கப்படுகிறது என்பதை உயர் பதவியில் இருப்பவர் சொல்லிவிட்டார்.

வைகைக்கரை அவர்களே, உங்கள் மாவட்டக் குழு ஒப்புதல் அளித்திருந்தால் மூன்று விவரங்களை எழுத்தில் கேளுங்கள். பிரார்த்தனை பள்ளி தொடங்கும் முன்பு நடக்கிறதா, பள்ளி நேரத்துக்கு உள்ளேயா? அதை ஆசிரியர் முன்னின்று நடத்துவாரா? படிவங்களை வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் சேகரிப்பார்களா, அலுவலகத்தில் தனியே பெறுவார்களா? நடைமுறையில் உங்கள் மகளுக்கு மிகுந்த வேறுபாட்டைத் தரப்போவது இந்த மூன்றாவதுதான்.

வைகைக்கரை:
நன்றி. எங்கள் பள்ளியில் படிவம் வகுப்பாசிரியர் வழியாகவே வந்தது. திருப்பித் தந்தவர்களின் பெயருக்கு எதிரே குறியிட்ட பட்டியல் சுவரில் இருப்பதாக மகள் சொல்கிறாள். பட்டியலை அகற்றி, படிவங்களை அலுவலகத்திலேயே பெறுமாறு இன்று மாலை முதல்வருக்கு எழுதுகிறேன்.