பொம்மை வீட்டு ஓடுகள் காய்ந்ததும் வளைகின்றன

கேள்வி:
மகளுக்கு 1:12 அளவில் ஓட்டு வீடு ஒன்று செய்கிறேன். ஒரு அடிக்கு ஓர் அங்குலம் கணக்கு. சுவர் மட்டும் அட்டை; அம்மி, விறகடுப்பு, கூரை ஓடு எல்லாம் காற்றில் காயும் களிமண். ஒன்றரை அங்குல அம்மி அப்படியே எங்கள் ஆச்சி வீட்டு அம்மிதான், குழவியோடு! ஆனால் ஓடுகள் அப்பளம் போல வளைகின்றன, அடுப்பு வாயில் விரிசல். மின்விசிறிக்கு அடியில் வைத்தது தவறா?

பதில்:
ஆமாங்க, விசிறிதான். மேல்பக்கம் முதலில் காய்ந்து சுருங்கும், அடிப்பக்கம் ஈரமாகவே இருக்கும். ஓடுகளை இரண்டு காகிதங்களுக்கு நடுவில் வைத்து, மேலே லேசான பலகை போடுங்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புங்கள், காகிதத்தையும் மாற்றுங்கள்.

பதில்:
அடுப்பை ஒரே கட்டியாகச் செய்திருப்பீர்கள். கசக்கிய அலுமினியத் தாளை உள்ளே வைத்து, 3 மி.மீ. கனத்துக்குக் களிமண் போர்த்துங்கள். விரலில் தண்ணீர் அதிகம் தொடாதீர்கள், அதனாலும் வெடிக்கும். இப்போதுள்ள விரிசலுக்கு அதே களிமண்ணைத் தண்ணீரில் குழைத்து அப்பி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேயுங்கள்.

கேட்டவர்:
நன்றி! புதிதாக நாற்பது ஓடு பலகைக்கு அடியில் வைத்தேன். இரண்டு நாள் கழித்து எடுத்தால் மூன்றுதான் வளைந்திருந்தன. அடுப்பு விரிசலை மட்டும் அடைக்கவில்லை. மேலே கரி நிறம் பூசியதும் நிஜமாகவே எரிந்த அடுப்பாகத் தெரிகிறது. மகளுக்கும் அதுதான் பிடித்திருக்கிறது.