ஸ்கொலர்ஷிப் கிடைக்காத பிள்ளைக்கு ஸப்ர் (பொறுமை) சொன்னால் போதுமா?

அக்குறணை உம்மா: அஸ்ஸலாமு அலைக்கும். மகனுக்குப் பத்து வயது. புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம்தான் குறைவு. பெறுபேறு வந்ததிலிருந்து சோறு இறங்குவதில்லை. இரவில் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுகிறான். வாப்பா கத்தாரில். மாமி, "ஆம்பிளைப் பிள்ளை அழுவதா?" என்கிறார். என்ன செய்ய?

கம்பளை நானா: வஅலைக்குமுஸ்ஸலாம் தங்கச்சி. பெரிதாக்காதீங்க. ஸப்ர் செய்யச் சொல்லுங்க, குர்ஆன் ஓதவையுங்க. கவுன்சலிங் என்று கண்டிக்குக் கூட்டிப்போனால் ஊரே பைத்தியம் என்று பேர் வைக்கும்.

வெலிமடை டீச்சர்: நானா, "அழகிய பொறுமை" என்று சொன்ன யஃகூப் நபியே மகனை நினைத்துக் கண் வெளுத்துப்போகும் வரை துக்கப்பட்டார்கள். சூரா யூசுபில் இருக்கிறது. அழுதால் ஸப்ர் போய்விடுமா? அபூ உமைர் என்ற சிறுவன் குருவி செத்துக் கவலையாக இருந்தபோது, "அபூ உமைரே, குருவிக்கு என்ன ஆச்சு?" என்று விசாரித்தவர்கள் நம் நபி (ஸல்). நாம்? ஸ்கூல் விட்டு டியூஷன், அப்புறம் ஓதப் போவது, மஃரிபுக்குப் பிறகு வீட்டுவேலை. இதற்கிடையில் "எத்தனை புள்ளி?" தவிர பிள்ளையிடம் என்ன கேட்கிறோம்?

கம்பளை நானா: ஏழு வயதில் தொழ ஏவச் சொன்னதும் நபிவழிதான், டீச்சர். கண்டிப்பில்லாமல் வளர்ந்த பெடியன்கள் ஐஸ் என்ற போதைப்பொருளைக் குடித்துவிட்டு டவுனில் நிற்பதைப் பார்க்கிறேன். வாப்பா பக்கத்தில் இல்லாத வீட்டில் செல்லம் கூடினால் பயம் இல்லையா?

திகன வாசி: அந்தப் பயம் நியாயம்தான் நானா. ஆனாலும் சொல்கிறேன். 2018 மார்ச்சில் இங்கே நடந்த முஸ்லிம் விரோதக் கலவரத்தில் எங்கள் கடை எரிந்தபோது மகள் சின்னவள். நாங்களும் ஸப்ர் என்று சொல்லிவிட்டு, நட்டத்தைக் கணக்குப் பார்க்கப் போய்விட்டோம். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. இன்றும் எங்காவது டயர் எரிந்தால் வாந்தி எடுக்கிறாள். பிறகுதான் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தோம். வீட்டிலிருந்தே பேசலாம், ஊருக்குத் தெரியவராது. தங்கச்சி, சாப்பாடு இன்னும் இறங்காவிட்டால் தாமதிக்காதீங்க.

கம்பளை நானா: அது எனக்குத் தெரியாது நானா, அல்லாஹ் பிள்ளைக்கு ஆறுதலைத் தரட்டும். சரி தங்கச்சி, அழட்டும், எடுத்துப் பேசுங்க. சுபஹுத் தொழுகைக்கு எழுப்புவதை மட்டும் விடாதீங்க.

அக்குறணை உம்மா: அதை விடமாட்டேன் நானா. இன்றிரவு கோல் எடுக்கும்போது புள்ளிக் கதையே வேண்டாம், அவன் வளர்க்கும் மீனைப் பற்றிக் கேளுங்க என்று அவன் வாப்பாவுக்கு இப்போதே வொய்ஸ் போட்டுவிட்டேன்.