புதுப்பிப்பு: நான்கே சுற்றில் பிரேக் பெடல் தளர்ந்த சிக்கல் தீர்ந்தது

தேசிய கார் பந்தய வாரயிறுதிக்கு முந்தைய பயிற்சியில், நான்காவது சுற்றிலேயே பிரேக் பெடல் பஞ்சுபோல் அமுங்குகிறது என்று கேட்டிருந்தேன். வழிகாட்டிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

பேடுகளை (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற தட்டை இருபுறமும் அழுத்தி நிறுத்தும் உராய்வுக் கட்டைகள்) மாற்றியதில் பலனில்லை. பழைய பிரேக் ஆயிலை முழுவதும் வடித்துப் புதிதாக நிரப்பச் சொன்ன யோசனையே பலித்தது. டாட் 4 வகை ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரத்தை உறிஞ்சிய பின் அது 155 டிகிரி வரை இறங்கக்கூடும்; பிரேக் சூட்டில் ஆயில் கொதித்தால், உண்டாகும் ஆவிக் குமிழிகள் அமுங்குவதால் பெடலும் பஞ்சுபோல் ஆகிவிடும். என் காரில் வடிந்த ஆயில் அடர்பழுப்பாக இருந்தது; குழாயில் குமிழிகள் வரிசையாக ஏறியதைக் கண்ணால் பார்த்தேன்.

எதிர்பாராத ஒன்றும் நடந்தது. தகுதிச் சுற்றில், வேகமான நீண்ட வளைவைக் கடந்த பிறகு மட்டும், பெடல் முதல் மிதியில் ஆழமாக இறங்கி, இரண்டாம் மிதியில் இயல்பாக நின்றது. இது ஆயில் கொதிப்பதன் அறிகுறி அன்று. காரை ஜாக்கியில் தூக்கி, முன்சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்தபோது லேசான ஆட்டம் கைக்குத் தெரிந்தது: தேய்ந்த வீல் பேரிங்கினால் டிஸ்க் சாய்ந்து, பேடுகளைக் காலிப்பருக்குள் (பேடுகளைத் தாங்கி அழுத்தும் பாகம்) பின்தள்ளியிருக்கிறது; அந்த இடைவெளியை மூடவே முதல் மிதி செலவானது. அன்றிரவே பேரிங்கை மாற்றினோம்; இறுதிப் பந்தயத்தின் கடைசிச் சுற்றுவரை பெடல் ஒரே உயரத்தில் உறுதியாக நின்றது.