‘தடுப்பு விகிதம்’ வேண்டாம். ‘பிடிபடு பங்கு’ பொருந்துமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

உற்பத்தியாகிக் கடத்தப்படும் போதைப்பொருளில் சுங்கத்துறை முதலான அமைப்புகளிடம் சிக்குவது எத்தனை சதவீதம் என்பதைக் குறிக்க, முந்தைய மடலில் ‘தடுப்பு விகிதம்’ என்ற கலைச்சொல்லை நம் குழுவின் ஐயா ஒருவர் முன்வைத்திருந்தார். அதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. விளையும் இடத்தில் போதைப்பொருளின் விலை, சில்லறை விலையோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். ஆகவே எல்லையில் ஒரு சரக்கு பறிபோனாலும் அதற்கு ஈடாக இன்னொன்றை அனுப்புவது கடத்துவோருக்குப் பெரும் சுமையன்று. சிக்கியதெல்லாம் தடுக்கப்பட்டதாகிவிடாது என்னும்போது, பயன் விளைந்ததா என்று ஆராய வேண்டிய அளவைக்கே ‘தடுப்பு’ என்று பெயரிடுவது, விசாரணைக்கு முன்பே தீர்ப்பை எழுதிவைப்பதாகும்.

‘இடைமறிப்பு வீதம்’ இதைவிட மேல். எனினும் பிடிபட்ட அளவு மொத்த அளவின் ஒரு கூறே. தொகுதி (பின்னத்தின் மேலெண்) பகுதிக்குள் (கீழெண்ணுக்குள்) அடங்கும் இத்தகைய கணக்கைப் ‘பங்கு’ என்பதே துல்லியம். ஆதலால் ‘பிடிபடு பங்கு’ என்று பரிந்துரைக்கிறேன். நூறு டன் உற்பத்தியில் பத்து டன் சிக்கிய ஆண்டையும், இருநூறு டன்னில் பதினைந்து டன் சிக்கிய ஆண்டையும் எண்ணிப் பாருங்கள்: கைப்பற்றியது ஒன்றரை மடங்காகியும் பிடிபடு பங்கு 10 சதவீதத்திலிருந்து 7.5 ஆகக் குறைகிறது. வெற்றியென அறிவிக்கப்படும் டன் கணக்கு தனியே எதையும் நிறுவாது.

வரையறையில் இரண்டு குறிப்புகள் தேவை. முதலாவது, எடை. கோகெயின் கரைசலில் நனைத்து உலர்த்திய துணி சிக்கினால் தராசு துணியையும் சேர்த்தே காட்டும். சந்தைக்கு வரும் தூளிலோ கலப்படம் மிகுதி. தூய பொருளின் எடைக்கு மாற்றாமல் வகுத்தால் விடை பிழையாகும். ஒரே சரக்கைக் கூட்டாகப் பிடித்த இரு துறைகள் தத்தம் கணக்கில் முழுமையாக எழுதிக்கொள்வதும் உண்டு. இரண்டாவது, பகுதி, அதாவது கீழெண்ணாக நிற்கும் மொத்த அளவு. ஹெராயினுக்கு மூலமான கசகசாச் செடி, கோகெயினுக்கு மூலமான கோக்கா ஆகியவற்றின் பரப்பைச் செயற்கைக்கோள் படங்களால் கணித்து, விளைச்சலால் பெருக்கி, உற்பத்தியை ஐ.நா. போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் மதிப்பிடுகிறது. வேதிப்பொருள்களிலிருந்து செய்யப்படும் மெத்தாம்பெட்டமைனுக்கு வயலே இல்லை. அங்கே இச்சொல்லை எண்ணோடு ஆளுவதற்கு மிகுந்த துணிச்சல் வேண்டும்!

பயனைத் தேடுவோர் சந்தையைத்தான் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2001-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஹெராயின் விலை ஏறி, தூய்மை குறைந்து, மிகையளவால் நேரும் இறப்புகளும் சரிந்தன. காரணம் சுங்க நடவடிக்கைதானா என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் உடன்படவில்லை.

சோதனையிட்ட கொள்கலன்களில் எத்தனையில் சரக்கு கிடைத்தது என்பது வேறு அளவை; அதற்குச் ‘சோதனைப் பலன் வீதம்’ போதும். குலுக்கல் முறையில் தேர்ந்த சோதனைகளிலிருந்து கிடைத்தால் மட்டுமே அது மொத்தக் கடத்தலை ஊகிக்க உதவும். ஐயத்தின்பேரில் தேர்ந்தவை உதவா.

‘பறிமுதல்’ என்பதைச் சட்டப்படி உடைமையை அரசு எடுத்துக்கொள்ளும் இறுதி ஆணைக்கு ஒதுக்கி, சரக்கைப் பிடித்துவைக்கும் முதற்கட்டச் செயலைக் ‘கைப்பற்றுகை’ என்றே எழுதலாம்.

‘பிடிபட்ட பங்கு’ என்றால் இறந்தகாலம் ஒட்டிக்கொள்கிறது. ‘பிடிபடு பங்கு’ வினைத்தொகை. முக்காலத்துக்கும் பொது, இடையில் வல்லினமும் மிகாது.